தூண்டிலும் ஓர் அமானிதமே

பொட்டிப்புரத்திலிருந்து ஒரு சகோதரர் கடிதம் எழுதியிருக்கிறார். நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தின் வாயிலாக நாடெங்கும் பெயர் பரவிய, தேனி மாவட்டத்து மலையடிவாரச் சிற்றூர் அது. அவர் எழுதுவது இதுதான்:

"மேல்நிலைப் பள்ளியில் பயிலும் என் மகன் விடுமுறை நாள்களில் கண்மாயில் தூண்டில் போடுகிறான். அமெரிக்கர்கள் 'பாஸ்' மீன் பிடிக்கும் காட்சிகளைக் கைப்பேசியில் கண்டுவிட்டு, அத்தகைய தூண்டில்தான் வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறான். விலையோ பல ஆயிரம் ரூபாய். இருக்கும் தூண்டிலில் சென்ற மாதம் இருமுறை நரம்பு அறுந்து, விரால் முள்ளோடு போய்விட்டது. வாங்கித் தரலாமா? தருவதானால் எதை வாங்குவது?"

இக்கடிதத்தில் நம் மனத்தைத் தைப்பது விலை பற்றிய கவலையன்று. 'முள்ளோடு போய்விட்டது' என்ற சொற்களே. பிடிபட்ட மீன் உணவாகும். தப்பிய மீன் உயிர் வாழும். வாயிலோ தொண்டையிலோ முள் தைத்த நிலையில் நரம்பை அறுத்துக்கொண்டு போன மீனுக்கு இவ்விரண்டும் உறுதியில்லை. அது இரை எடுக்க இயலாமல் நலிந்து மடியவும் கூடும். உண்பதற்காக மீன் பிடிப்பது நமக்கு ஆகுமாக்கப்பட்டது. பயனின்றி ஓர் உயிரை வதைப்பதோ மார்க்கம் வெறுக்கும் செயல். ஆகவே தக்க தூண்டிலைத் தேர்ந்தெடுப்பதும் அதைப் பழுதின்றிப் பேணுவதும் வெறும் பொழுதுபோக்குச் செய்திகள் அல்ல. நம் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடமையும் அவற்றில் அடங்கியிருக்கிறது.

பாஸும் விராலும்

பெருவாய் பாஸ் என்பது வட அமெரிக்க நன்னீர் மீன். கம்பம் பள்ளத்தாக்கின் கண்மாய்களில் அதைத் தேடிப் பயனில்லை. ஆனால் அதன் குணத்தை ஒத்த மீன் நம்மிடமே இருக்கிறது. அதுதான் விரால். இரண்டும் நீர்த்தாவரங்களின் நிழலில் பதுங்கியிருந்து, தவளையையும் சிறுமீனையும் பாய்ந்து கவ்வுபவை. ஆதலால் பாஸ் மீனுக்கென உருவான ரப்பர்த் தவளை இன்று ஆசிய நாடுகளில் விராலுக்கும் பயன்படுகிறது. சிறுவனின் ஆசை முற்றிலும் பொருந்தாத ஒன்றன்று.

நம் நாட்டுக் குளங்களில் தூண்டில் போடுவது பற்றிய நூலும் புதியதன்று. மதராஸ் சிவில் சர்வீஸில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர், 'டாங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்னும் தனி நூலையே 1887இல் வெளியிட்டார்.

கடலோர ஊர்களில் வாழும் வாசகர்களுக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் 'ஆசியக் கடல் பாஸ்' எனப்படுவது நம் கொடுவா மீன்தான். கழிமுகங்களில் கிடைக்கும் இம்மீனின் செவுள் மூடி கத்திபோல் கூரியது. மெல்லிய நரம்பை அறுத்துவிடும். ஆதலால் முள்ளுக்கு மேல் ஒரு முழம் அளவுக்குத் தடித்த நரம்பைச் சேர்த்துக் கட்டுதல் வேண்டும்.

கழி

தொடக்கத்தில் விலையுயர்ந்த கார்பன் கழி தேவையில்லை. கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் நன்கு முற்றிய கெட்டி மூங்கில் போதுமானது. அதை வெயிலில் காய்ச்சினால் வெடிக்கும். நிழலில் உலர்த்த வேண்டும். சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளைந்துவிடும். இரண்டு மூன்று ஆணிகளில் படுக்கையாகத் தாங்கி வைப்பது நலம்.

விராலுக்குக் கண்ணாடி இழைக் கழி ஏற்றது. ஆறு, ஏழு அடி நீளமும், நுனி மட்டும் வளைந்து நடுப்பகுதி விறைப்பாக நிற்கும் தன்மையும் இருக்க வேண்டும். கடையில் வாங்கும்போது நரம்பு ஓடும் வளையம் ஒவ்வொன்றினுள்ளும் சிறிது பஞ்சைச் செலுத்திச் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே பிசிறு உண்டு. அப்பிசிறு நரம்பை அறுக்கும்.

கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. கண்மாய்க் கரைகளின் மேல் மின்கம்பி செல்லும் இடங்களில் அதை உயர்த்துவது உயிருக்கு ஆபத்து. நனைந்த மூங்கிலுக்கும் இது பொருந்தும். இடி மின்னல் தொடங்கினால் எந்தக் கழியானாலும் கீழே வைத்துவிட்டுக் கரையேற வேண்டும்.

நரம்பு

பருத்தி, பட்டு நூல்களின் இடத்தை 1938இல் அறிவிக்கப்பட்ட நைலான் பிடித்துக்கொண்டது. நாம் தங்கூசி என்று வழங்குவது அதைத்தான். ஜிலேபி மீனுக்கு 0.25 மில்லிமீட்டர் தடிமன் போதும். விராலுக்கு 0.40க்குக் குறையலாகாது. அது ஏறத்தாழ 10 கிலோ இழுவையைத் தாங்கும்.

'இரண்டு கிலோ மீனுக்குப் பத்துக் கிலோ நரம்பா?' என்று கேட்கலாம். முள் தைத்தவுடன் விரால் நேராகத் தாமரைத் தண்டுக்குள் பாய்கிறது. அப்போது நாம் இழுப்பது மீனை மட்டுமன்று. தண்டையும் பாசியையும் சேர்த்தே இழுக்கிறோம். சகோதரர் மகனுடைய நரம்பு அறுந்ததற்கு மெல்லிய நரம்போ, பழுதான நரம்போ காரணமாக இருத்தல் கூடும்.

நைலானுக்கு வெயில் பகை. கூரையில் செருகிவைத்த தூண்டிலின் நரம்பு பார்வைக்கு நன்றாகத் தோன்றினும் உள்ளே நலிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு முழத்தை விரலிடையே ஓடவிட்டுப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் அப்பகுதியை வெட்டிவிட்டு முள்ளைப் புதிதாகக் கட்டுங்கள். முடிச்சை இறுக்குமுன் நீரில் நனைக்க வேண்டும். உலர்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வின் சூட்டில் நரம்பு நலிந்துபோகும்.

முள்

முள்ளின் எண்கள் வாங்குவோரைக் குழப்புவதுண்டு. எண் கூடக் கூட முள் சிறிதாகும்; 10ஆம் எண் முள் 4ஆம் எண்ணைவிடச் சிறியது. ஆனால் எண்ணுக்குப் பின் கோடும் பூஜ்யமும் இருந்தால், எண் கூடக் கூட முள் பெரிதாகும். ஜிலேபி மீனுக்கு 8 முதல் 12 வரையும், விராலுக்கு 1/0 முதல் 3/0 வரையும் தகும்.

முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் அது கூர்மையாக உள்ளது. வழுக்கினால் சிறு அரத்தால் தீட்ட வேண்டும். மழுங்கிய முள் மேலாகத் தைத்து, வாயைக் கிழித்து மீனைத் தப்பவிடும். பிடித்த மீன் மிகச் சிறியதாயின் அதைத் திரும்ப விடுவது நன்று. அதற்கு வசதியாக முள்ளின் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கி வைக்கலாம். அவ்வாறு செய்த முள் நம் விரலில் தைத்தாலும் எளிதில் வெளிவரும். எதிர்முனையோடு ஆழமாகத் தைத்துவிட்டால் வீட்டில் பிடுங்க முயலாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

உயிருள்ள தவளையை முள்ளில் குத்தி விராலுக்கு இடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ரப்பர்த் தவளை இருக்கையில் அந்த வதை எதற்கு? பயிர்ப்பூச்சிகளை உண்ணும் தவளை உழவனின் தோழன். தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987இல் தடை செய்தது. முல்லைப் பெரியாற்று நீரால் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் தவளையின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் பேணும் முறை

1. தூண்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நல்ல நீரில் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். கடல் நீரில் பயன்படுத்தியிருந்தால் இது கட்டாயம்.

2. ரீல் இருந்தால் அதன் இழுவைத் திருகைத் தளர்த்தி வையுங்கள். மாதம் ஒருமுறை கைப்பிடி அச்சில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டால் போதும்.

3. ஈரமான முள்ளைப் பெட்டியில் போடாதீர்கள். ஒன்றின் ஈரம் மற்றவற்றையும் துருப்பிடிக்கச் செய்யும்.

4. ஈயக்குண்டு நச்சுப் பொருள். அதைப் பல்லால் கடித்து நசுக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், அடுக்களைக்கு வெளியே வையுங்கள். தொட்ட கையைச் சோப்பினால் கழுவிய பின்னரே உண்ணுங்கள்.

5. அறுந்த நரம்பைக் கரையில் எறியாதீர்கள். கொக்கும் நீர்க்காகமும் அதில் கால் சிக்கி மடிகின்றன. மேயும் மாட்டின் வாய்க்குள்ளும் போகும். வீட்டுக்குக் கொண்டுவந்து சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் சேருங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள்

பல கண்மாய்களின் மீன் உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரரின் அனுமதியின்றிப் பிடிக்கும் மீன் பிறர் பொருளாகும். மகனைத் தனியே அனுப்பாமல் அத்தாவே உடன் சென்று, உரியவரிடம் கேட்டு, வேண்டுமானால் பணம் கொடுத்து அனுமதி பெறட்டும். கழியை எவ்வாறு பிடிப்பது என்பதற்கு முன் பிள்ளை கற்க வேண்டிய பாடம் அது.

அடுத்து, நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மிதந்து திரிவதைக் கண்டால் அங்கே தூண்டில் வீச வேண்டாம். அவற்றின் அடியில் தாய் தந்தை விரால்கள் காவல் இருக்கும். குஞ்சுகளைக் காக்கும் வேகத்தில் அவை எதையும் கவ்விவிடும். அவற்றைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும்.

ஆகவே சகோதரரே, மகனின் ஆசையைத் தட்ட வேண்டாம். பல ஆயிரம் ரூபாய் செலவிடவும் வேண்டாம். நடுத்தர விலையில் ஒரு கண்ணாடி இழைக் கழி, 0.40 தங்கூசி, சில நல்ல முட்கள், இரண்டு ரப்பர்த் தவளைகள், ஒரு சிறு அரம், ஒரு குறடு இவை போதும். அவற்றைக் கழுவி உலர்த்தும் பொறுப்பை அவனிடமே ஒப்படையுங்கள். ஆறு மாதம் பழுதின்றிப் பேணுகிறானா என்று பாருங்கள். அதன்பின் விலை கூடியதை வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

கண்மாய்க்குச் செல்லும் பிள்ளை நீச்சல் அறிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்றும் முறையை அடுத்த இதழில் காண்போம், இன்ஷா அல்லாஹ்.