மாட்டை அவுத்து விடற நேரம்

கத்திரி வெயில்ல மலைப்பாதையில 25 கிலோமீட்டர் ஓடப்போறேன்னு சொன்னப்ப அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "யாருடா உன்னைத் துரத்துறா?" பதில் இன்னும் சிக்கலை :-)

போன மே மாசம். ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பக்கம். நானும் ஆபீஸ் நண்பனும் மட்டும். மலைதானே, குளுகுளுன்னு இருக்கும்னு ஒரு நெனப்பு. காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியவங்க, பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டு எட்டரைக்கு ஆரம்பிச்சோம். (அங்கேயே திரும்பியிருக்கணும்.)

முதல் 12 கிலோமீட்டர் ஜாலி. 16-ல நண்பன் கால் பின்ன ஆரம்பிச்சுது. பார்த்தேன். ஆனா ஒண்ணும் சொல்லலை. சொன்னா ஓட்டம் நின்னுடுமே! 18-ல "நிறுத்துடா"ன்னேன். "சூப்பரா இருக்கேன் மச்சி"ன்னான். ரெண்டு நிமிஷம் கழிச்சு, "ஆபீஸ் பஸ் எங்க நிக்கும்?"னு கேட்டான். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

பக்கத்துல இருந்த வீட்டுத் திண்ணையில அவனைச் சாய்ச்சேன். அந்த வீட்டுப் பாட்டி எங்க கதை எதையும் கேட்கலை. தொட்டித் தண்ணியை மொண்டு தலை, கழுத்து, மாருன்னு குடம் குடமா ஊத்தினாங்க. கால் மணி நேரத்துல தெளிஞ்சான். கீழே இறக்கி ஆஸ்பத்திரியில காட்டினோம், தப்பிச்சான். கிளம்பறப்ப பாட்டி சொன்னது: "உச்சி வெயில்ல மாட்டையே ஏர்லேர்ந்து அவுத்து விட்டுருவோம் தம்பி."

அன்னிலேர்ந்து எனக்கு 'மன உறுதி' வசனங்களைக் கேட்டாலே கடுப்பாகுது. "உடம்பு நிறுத்தச் சொல்லும், மனசு ஓடச் சொல்லும், மனசைக் கேளு"ன்னு டி-ஷர்ட்ல எல்லாம் போடறாங்க. குளிர்ல வேணா சரியா இருக்கலாம். வெயில்ல உடம்போட உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினா குழம்புறது மூளைதான். எது முடிவெடுக்கணுமோ அதுவே கோளாறு. லாக் எழுதற புரோகிராமே கிராஷ் ஆயிட்டா, பிழை எங்கேன்னு யார் சொல்றது?

கலிஃபோர்னியாவில் டெவிஸ் கப்னு 100 மைல் குதிரைப் பந்தயம் ஒண்ணு இருக்கு. 1974-ல் கார்டி ஐன்ஸ்லீ என்பவர் குதிரை இல்லாமல் அதே பாதையை 23 மணி 42 நிமிடத்தில் ஓடி முடித்தார். இன்றைய வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டம் அதிலிருந்து வந்ததுதான். நமக்கெல்லாம் அவர் வேகம்தான் கண்ணுல படுது. எனக்கு இப்ப குதிரைதான் கண்ணுல படுது. வழியில கால்நடை டாக்டர் நாடி பார்ப்பார். துடிப்பு இறங்கலைன்னா குதிரை மேல போகக்கூடாது. "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு குதிரை வாதாட முடியாது!

மாட்டுக்கு ஒரு பாட்டி இருக்காங்க. குதிரைக்கு டாக்டர் இருக்கார். இஞ்சினியரிங் படிச்ச நமக்கு?

பாட்டி வைத்தியமும் சும்மா இல்லை. மாசசூசெட்ஸில் ஆகஸ்ட் மாசம் ஃபால்மவுத் ஓட்டம் நடக்கும். அங்கே 18 வருஷத்தில் ஹீட் ஸ்ட்ரோக் வந்து குளிர்ந்த நீர்த் தொட்டியில் இறக்கப்பட்ட 274 பேரும் பிழைத்ததாக 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. முதல்ல குளிர வை, அப்புறம் வண்டி ஏத்துங்கறதுதான் விஷயம்.

அதனால என் கட்சி இதுதான். வெயில்ல நீளமா ஓடறவன் தனியா ஓடக்கூடாது. நிறுத்தற உரிமையை ஓடறதுக்கு முன்னாடியே கூட வர்றவன் கையில கொடுத்துடணும். அவன் "போதும்"னா போதும். அப்பீல் கிடையாது. கூட வர்றவனுக்கும் ஒண்ணு: 16-ல பார்த்ததை 18-ல சொல்லாதே. அந்த ரெண்டு கிலோமீட்டர் இன்னும் என் தூக்கத்துல வருது.

பி.கு: நண்பன் மறுபடி ஓட ஆரம்பிச்சுட்டான். விடியற்காலை அஞ்சு மணிக்கு. நான்தான் அவனோட பாட்டி :-)