பேர் தெரியாத மூளைக்காய்ச்சல்

மூளைக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்து, எல்லா டெஸ்ட்டும் எடுத்து, கடைசியில் "என்ன கிருமி என்று தெரியவில்லை" என்ற பதிலோடு தவித்த குடும்பங்களை நாம் கேள்விப்பட்டிருப்போம். கிருமியின் மரபணுவைப் படித்து ஆளைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் அதை யோசிப்பது என்ற வழக்கம் மாற வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 14 வயதுப் பையன் ஒருவன். பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தி இல்லாதவன். காய்ச்சல், தலைவலி என்று நான்கு மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூளையில் நீர் கோத்து, வலிப்பு நிற்காமல், மருந்து கொடுத்து மயக்கத்திலேயே வைக்க வேண்டியதாயிற்று. மூளையில் சிறு துண்டு எடுத்து பயாப்சிகூடப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார்கள். அங்கே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சியூ, ஜோசப் டெரிசி குழுவினர் 48 மணி நேரத்துக்குள் பதில் சொன்னார்கள். படித்த 30 லட்சம் மரபணுத் துணுக்குகளில் 475 மட்டும் லெப்டோஸ்பைரா கிருமியுடையவை. நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அந்த இனம்தான். முந்தைய வருடம் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போனபோது பையன் அங்கே தண்ணீரில் நீந்தியிருந்தான். பெனிசிலின் கொடுத்தார்கள். 32 நாளில் வீடு திரும்பினான். 2014-ல் இது மருத்துவ இதழில் வெளிவந்தது.

பெனிசிலின் பழைய மருந்து. அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. யாருக்கு எதிராகக் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை. வழக்கமான பரிசோதனை, சந்தேகப்படும் கிருமியை மட்டும் தேடும். டாக்டருக்குச் சந்தேகமே வராத கிருமி தப்பித்துவிடும். இந்தப் பரிசோதனையோ நீரில் இருக்கும் அத்தனை மரபணுவையும் படித்து, மனிதனுடையதைக் கழித்துவிட்டு, மிச்சம் யாருடையது என்று பார்க்கிறது.

இது சர்வரோக நிவாரணியும் இல்லை. ஏழு வருடத்தில் சோதித்த 4,828 மாதிரிகளை வைத்து அதே பல்கலைக்கழகத்தார் 2024-ல் கணக்கு வெளியிட்டார்கள். கிருமி உள்ள நூறு பேரில் சுமார் 63 பேரிடம்தான் இது கண்டுபிடிக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்றவற்றில் வைரஸ் சீக்கிரம் மறைந்துவிடுவதால், எதிர்ப்பொருளைத் தேடும் பழைய பரிசோதனையே நம்பகமானது. ஆகவே இரண்டும் வேண்டும்.

செலவு அதிகம் என்பது உண்மை. ஊருக்கு ஊர் மெஷின் வாங்கச் சொல்லவில்லை. பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் வைத்து, மாவட்டங்களிலிருந்து மாதிரி அனுப்ப ஏற்பாடு செய்தால் போதும். மாதக்கணக்கில் ஐ.சி.யூ.வில் கிடப்பதற்கு ஆகும் செலவையும் சேர்த்துத்தானே கணக்குப் போட வேண்டும்?

நம் பங்கும் ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், எந்த ஊருக்குப் போனார், எந்தக் குளத்தில் இறங்கினார், எலி, மாடு, நாய் சகவாசம் உண்டா என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். முதல் வாரத்திலேயே காரணம் தெரியவில்லை என்றால், இப்படி ஒரு பரிசோதனை இருக்கிறதாமே என்று தயங்காமல் கேளுங்கள்.