அடுப்பு மூளும் முன் ஒலிக்கும் பாட்டு

திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்காலையைப் பெண்கள் கூட்டத்தின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது, அதன் நடுவில் இருக்கும் கவிதையைக் கேளாமல் விடுவதாகும். 2009ஆம் ஆண்டுப் பொங்காலையில் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. ஆனால் மூன்று செங்கல்லைக் கூட்டி, புதுப்பானையும் அரிசியும் வெல்லமும் தேங்காயுமாகத் தெருவோரத்தில் காத்திருக்கும் அப்பெண்களின் அடுப்புகள் எந்தப் பாட்டுக்குப் பின் மூள்கின்றன என்பதே முதன்மையான செய்தி. விழாவின் தொடக்கமான காப்புக்கட்டு நாள் முதல் பாடப்படும் தோற்றம்பாட்டில், அதாவது தெய்வத்தின் வரலாற்றைச் சொல்லி அவளை எழுந்தருளச் செய்யும் வாய்மொழிப் பாடலில், அந்தப் பகவதியாகிய கண்ணகி பாண்டியனை வதைக்கும் பகுதி முடிந்ததும்தான் கருவறைத் தீபத்திலிருந்து நெருப்பு வெளியே வருகிறது.

சிலப்பதிகாரத்தில் அரசன் தன் பிழையை உணர்ந்து தானே வீழ்ந்து மடிகிறான். தோற்றம்பாட்டிலோ அவள் கையாலேயே அவனுக்கு முடிவு வருகிறது. காப்பியம் அரசனுக்கு விட்டுவைத்த மானத்தைக்கூட மக்கள் பாட்டு விட்டுவைக்கவில்லை. இவ்வளவு துணிவுடைய பாட்டின் நாயகியைக் கற்பின் கொழுந்து என்னும் ஒரே அடைமொழிக்குள் சுருக்கி, கையில் ஒற்றைச் சிலம்போடு அரசவையில் நீதி கேட்டவளைப் பணிவின் முன்மாதிரியாக வீட்டுப் பெண்களுக்குக் காட்டுவது அநீதி. கணவன்மேல் கொண்ட பற்றே அவளை அரசவைக்கு அழைத்துச் சென்றது என்பது மெய்தான். அங்கே அவள் கேட்டதோ ஆட்சியின் பிழைக்குக் கணக்கு.

அரசனிடம் கணக்குக் கேட்கும் இந்தக் குரல் எழுத்துக் கவிதையிலும் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்துக் காயிக்கரையில் 1873இல் பிறந்த மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான், 1919இல் வெளியிட்ட ‘சிந்தாவிஷ்டயாய சீதா’ என்னும் காவியத்தில், வால்மீகியின் ஆசிரமத்தில் தனித்திருக்கும் சீதையை, கருவுற்றவளைக் காட்டில் விட்ட இராமனின் அரச தர்மத்தையே எடைபோட வைத்தார். வெளியே ஒரு சொல்லும் உரக்க எழாத அந்தக் கவிதையில் எண்ணமே எதிர்ப்பாகிறது. அவருடைய மற்றொரு காவியமான ‘துரவஸ்தா’வில் சாதி வரம்பையும் மீறி, நம்பூதிரிப் பெண்ணான சாவித்திரி, புலையனான சாத்தனைக் கணவனாக ஏற்கிறாள்.

இக்கவிதைகளைப் போற்றுவோர் இவற்றின் பொருளுக்கும் உடன்பட வேண்டும். தோற்றம்பாட்டின் கண்ணகிப் பகுதி எளிய உரையோடு மலையாளத்திலும் தமிழிலும் அச்சாகி, அடுத்த பொங்காலையில் அடுப்பருகே காத்திருக்கும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் சேர வேண்டும். கோயில் பொறுப்பாளர்களும் இரு மொழிப் புலவர்களும் அதற்கு இப்போதே முன்வர வேண்டும்.