எவருடைய விடுமுறை?

இலக்கிய நண்பர்கள் கூடுமிடங்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு கருத்தை மறுப்பதற்காகவே இதனை எழுத நேர்ந்தது. அயல்நாட்டுக்கு வேலைக்குச் சென்றவன் சொன்ன தவணையில் திரும்பாமல் தங்கலை நீட்டித்துக்கொண்டே போவது பணத்தாசையின் விளைவு என்பதும், மண்ணின் மீதும் மனைவி மக்கள் மீதும் பற்று வற்றிப்போனதன் அடையாளம் அது என்பதும்தான் அக்கருத்து. சொல்கிறவர்கள் நல்ல வாசகர்கள், நுண்ணுணர்வு கொண்டவர்கள். உடன்குடியில் குடியிருந்துகொண்டு, பஜாருக்குப் போகும் வழியிலெல்லாம் சவூதி, துபாய், குவைத் என்று மூன்று தலைமுறைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது எளிதாயில்லை.

சும்மா இருந்திருப்பேன், இதற்கு நேர்மாறான இன்னொரு பேச்சு அதே வாய்களிலிருந்து கிளம்பியிராவிட்டால். 2024 அக்டோபரில் ஆஸ்திரேலிய அரசு தன்னுடைய ‘வேலையும் விடுமுறையும்’ விசாவை (462ஆம் துணைவகை) முதன்முறையாக இந்தியர்க்குத் திறந்துவிட்டது. 18 முதல் 30 வயதுக்குட்பட்டவர், பள்ளிக்குப் பின் ஈராண்டுகளேனும் படித்தவர், ஆங்கிலம் அறிந்தவர், கையில் கொஞ்சம் பணம் உள்ளவர் ஆகியோரே விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 1,000 இடங்கள். குலுக்கலில் பெயர் போட 25 ஆஸ்திரேலிய டாலர். முதல் இரண்டு வாரங்களிலேயே சுமார் 40,000 பேர் பதிந்தார்கள் என்று அந்நாட்டு அமைச்சர் ஒருவரே சொன்னார். ஓராண்டுத் தங்கல், விரும்பினால் இரண்டாம் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் நீட்டித்துக்கொள்ளலாம். இதைப் பற்றிப் பேசும்போது நம் நண்பர்களின் குரலே மாறிவிடுகிறது. இளைஞர்கள் உலகத்தைப் பார்க்கட்டும், வேறு வாழ்வைச் சுவைக்கட்டும், ஓராண்டு போதாது, மூன்றாண்டும் இருந்துவிட்டு வரட்டும் என்கிறார்கள்.

ஆக, பட்டதாரி நீட்டித்தால் அது அனுபவம். பனையேறியின் மகன் நீட்டித்தால் அது பேராசை. இந்த ஓரவஞ்சனைதான் என்னை எழுத வைத்தது.

முதலில் ‘விடுமுறை’ என்ற சொல்லைப் பார்ப்போம். தமிழாசிரியனுக்குச் சொல்லிலிருந்து தொடங்குவது பழக்கதோஷம். எங்கள் ஊரில் வளைகுடாக்காரரின் விடுமுறை எது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஈராண்டுக்கொருமுறை இரண்டு மாதமோ மூன்று மாதமோ வீட்டுக்கு வருவதுதான் விடுமுறை. “லீவுல வந்திருக்கான்” என்றால் உள்ளூரில் இருக்கிறான் என்று பொருள். அங்கே இருப்பது வேலை, இங்கே இருப்பது விடுமுறை. ஆஸ்திரேலியச் சட்டம் இதைத் தலைகீழாக்குகிறது. அங்கே போய் உழைப்பதற்குப் பெயரே விடுமுறை. அந்த விடுமுறையை நீட்டிப்பதற்கான நிபந்தனையைப் படித்தால் நகைச்சுவை முழுமைபெறும். இரண்டாம் ஆண்டு வேண்டுமென்றால் முதலாண்டில் மூன்று மாதம், குறிப்பிட்ட வட்டாரங்களில், குறிப்பிட்ட வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். பழம் பறித்தல், தோட்ட வேலை, கால்நடை வளர்ப்பு, மீன்பிடித்தல், மரம் நடுதல், கட்டுமானம் முதலியன அவ்வேலைகள். மூன்றாம் ஆண்டுக்கு ஆறு மாதம். உள்ளூர்க்காரர் செய்ய முன்வராத வேலை, நகரத்துக்குத் தொலைவான இடம், கூலிக்காரர் கிடைக்காத பருவம் ஆகிய மூன்றும் சந்திக்கும் புள்ளியில்தான் ‘விடுமுறை’ நீள்கிறது.

எங்கள் பக்கம் பதநீர்க் காலத்தில் மாதக்கணக்காக விடியுமுன் எழுந்து, நாளுக்குப் பலமுறை மரமேறி இறங்கி, பெண்கள் அடுப்படியில் வெந்து கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். பனங்காடும் பார்க்க அழகானதுதான்; காற்று நன்றாக வரும். அதற்காக அதை விடுமுறை என்று எவரும் அழைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

பண்ணை வேலை என்ன இலட்சணத்தில் இருந்தது என்பதற்கு அந்நாட்டின் சட்டத் திருத்தங்களே சாட்சி. நீட்டிப்புத் திட்டம் 2005இல் வெள்ளையர் நாடுகள் மிகுந்த இன்னொரு வகை விசாவுக்காகத் (417) தொடங்கப்பட்டது. 2015 டிசம்பர் வரை சம்பளமில்லாமல் வெறும் சோற்றுக்கும் படுக்கைக்கும் செய்த வேலைகூட அந்தக் கணக்கில் சேர்ந்தது. அதாவது, நீட்டிப்பு என்ற ஒரு தாளுக்காக இளைஞர்கள் இலவசமாக உழைத்தார்கள். தோட்டங்களில் கூடைக்கு இவ்வளவு என்று கொடுத்து வந்த கூலிக்கு அடிப்படை ஊதியம் என்ற தரை போடப்பட்டது 2022 ஏப்ரலில்தான். அதற்குள் எத்தனை பருவங்கள் கடந்துவிட்டன! கையெழுத்துப் போட வேண்டியவன் பண்ணைக்காரன். கையெழுத்து இல்லையென்றால் நாளைக் கணக்கில் கொண்டுவருவது கடினம். நாள் கணக்கில் வராவிட்டால் விமானம் ஏற வேண்டும். இந்த நிலையில் உள்ள ஒருவன் கூலி குறைவு என்று வாய் திறப்பானா?

இன்னொன்றும் உண்டு. 2024 ஜூலை முதல் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர் இந்தப் பண்ணை வேலை எதையும் செய்யாமலே மூன்று ஆண்டு விசாக்களையும் பெறலாம். வயது வரம்பும் அவர்களுக்கு 35. இந்தியர் குலுக்கலில் வென்று, பழம் பறித்து, மெய்ப்பித்துப் பெற வேண்டியதை அவர்கள் விண்ணப்பம் போட்டே பெறுகிறார்கள். உண்மையான விடுமுறை அவர்களுடையது. பிரிட்டனோ, 2023இல் இந்தியர்க்கென்று ஆண்டுக்கு 3,000 இடங்களுடன் தொடங்கிய ஈராண்டு இளம்தொழில்முறையாளர் திட்டத்தில், நீட்டிப்பே கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டது. ஒருவகையில் அது நேர்மை.

இனி நம் வளைகுடாக்காரருக்கு வருவோம். அவர் ‘நீட்டிக்கிறார்’ என்ற வினையிலேயே இலக்கணப் பிழை இருக்கிறது. எழுவாய் தவறு. சவூதியில் தொழிலாளியின் தங்கும் அனுமதியான இகாமாவைப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி. கட்டணத்தையும், தாமதத்துக்கான அபராதத்தையும் ஏற்க வேண்டியவரும் முதலாளியே என்று அந்நாட்டுத் தொழிற்சட்டம் சொல்கிறது. முதலாளி புதுப்பிக்கத் தவறினால் சட்டவிரோதி ஆகிறவன் மட்டும் தொழிலாளி. சண்டை வந்து வேலையைவிட்டு நீங்கினால் ‘ஹுரூப்’, அதாவது ஓடிப்போனவன் என்று ஒரு பதிவு. அது விழுந்துவிட்டால் இருக்கவும் முடியாது, எளிதில் கிளம்பவும் முடியாது. 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தம் முதலாளியின் இசைவின்றி வேலை மாறவும் நாட்டைவிட்டுச் சென்றுவரவும் வழிசெய்தது, நல்லதுதான். ஆனால் வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர், பண்ணையாள், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் அதிலிருந்து வெளியே நிறுத்தப்பட்டார்கள். நம் மாவட்டத்து ஊர்களிலிருந்து ‘ஹவுஸ் டிரைவர்’ விசாவில் சென்றவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா விசாவில் போய் வேலை தேடுவோர் கதை தனி. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். சுற்றுலா விசாவில் அனுப்பிவிட்டால் அந்தச் சோதனையே இல்லை என்பதை முகவர்கள் நன்கறிவார்கள். அங்கே இறங்கியபின் வேலையுமில்லை, விசாவும் முடிகிறது. அமீரகத்தில் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் முடிய அமீரக அரசு பொதுமன்னிப்பு அறிவித்ததே, அதில் வரிசையில் நின்றவர்களைப் பேராசைக்காரர் என்று அழைக்கும் துணிவு எனக்கில்லை. கடனை அடைக்காமல் திரும்ப முடியாதவர்கள். திரும்பவேண்டுமானால் அபராதம் கட்டவேண்டியவர்கள்.

வீட்டுக்கு விடுமுறையில் வந்தவருக்கும் இதே கதைதான். தாய்க்கு உடல் நலமில்லை, இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்றால், சவூதியிலிருக்கும் முதலாளி மனமிரங்கி மறுநுழைவு விசாவை நீட்டித்துத் தர வேண்டும். குறித்த நாளில் திரும்பாவிட்டால் மூன்றாண்டுகள் அங்கே நுழையத் தடை என்ற விதி 2024 தொடக்கம் வரை இருந்தது. ஆக, தன் வீட்டில் தங்குவதற்கும் அவனுக்கு நீட்டிப்பு வேண்டியிருந்தது. பிரிவைப் பற்றி எழுதும் நம் கதாசிரியர்கள் இந்த ஒரு தாளை மட்டும் ஏனோ கண்டுகொள்வதில்லை; மனைவியின் பெருமூச்சுக்கு மூன்று பக்கம் ஒதுக்குகிறார்கள்.

நீட்டிப்பு எவர் கையில் இருக்கிறது என்பதைக் கொரோனாக் காலம் வெளிச்சம்போட்டுக் காட்டியது. 2021இல் சவூதி அரசு, வெளிநாடுகளில் சிக்கிக்கொண்டவர்களின் இகாமாவையும் மறுநுழைவு விசாவையும் கட்டணமின்றி ஒரே ஆணையில், மீண்டும் மீண்டும் நீட்டித்தது. விண்ணப்பமில்லை, கெஞ்சலில்லை. 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியப் பிரதமர் தற்காலிக விசாக்காரர்களெல்லாம் ஊர் திரும்பும் நேரம் வந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். அதே நாட்களில், பண்ணைகளில் வேலை செய்யும் விடுமுறை விசாக்காரர் மட்டும் தொடர்ந்து இருக்கலாம் என்று அவரது அரசே வழிசெய்தது. அதற்கென்று உருவான பெருந்தொற்று விசா 2024 பிப்ரவரியில்தான் மூடப்பட்டது. பழம் மரத்தில் இருக்கும்வரை விசா நீளும். இதில் தங்குகிறவனின் ஆசைக்கு என்ன இடம்?

நம் மரபுக்கு இது புதிதல்ல என்று ஒரு நண்பர் வாதிட்டார். பொருள்வயிற் பிரிவு அகத்திணையிலேயே இருக்கிறதே என்றார். இருக்கிறது. தொல்காப்பியர் கற்பியலில் பிரிவுக்குக் கால எல்லையே வகுத்திருக்கிறார். கல்விக்கான பிரிவு மூன்றாண்டைக் கடக்கலாகாது. வேந்தனின் பணிக்கான பிரிவு ஓராண்டுக்குள் அடங்க வேண்டும். ஏனைய பிரிவுகளும் அவ்வாறே. ஒன்று, மூன்று என்ற எண்கள் இன்றைய விசாக்களில் திரும்பி வந்திருப்பது வேடிக்கையான தற்செயல். ஆனால் அந்த எல்லை காத்திருப்பவளை முன்னிட்டு வகுக்கப்பட்டது. இன்றைய எல்லை வேலை வாங்குகிறவனை முன்னிட்டு. குறுந்தொகையில் கொன்றை பூத்துவிட்டதைக் கண்டு கலங்கும் தலைவியிடம் தோழி சொல்கிறாள்: இது கார்ப்பருவம் அன்று, பருவமல்லாத மழையைக் கண்டு மரங்கள் ஏமாந்து பூத்துவிட்டன என்று. தமிழில் தவணை நீட்டிப்புக்கான முதல் விண்ணப்பம் அதுவாகத்தான் இருக்கும். அங்கேயும் தலைவனைக் குற்றஞ்சாட்ட அவளுக்கு மனம் வரவில்லை. மரத்தைத்தான் மடமை என்றாள். நம் விமரிசகர்களுக்கு அந்தத் தோழியின் பெருந்தன்மையில் பாதியாவது வேண்டாமா?

அண்மை வரலாறு இன்னும் தெளிவானது. பர்மாவிலும் மலாயாவிலும் செட்டியார் கடைகளில் வேலைபார்த்தவர்கள் மூன்றாண்டுத் தவணைக்குச் சென்று, ஊர் வந்து, மறுபடி போனார்கள். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) எழுந்ததே அந்த உலகத்திலிருந்துதான். அவரும் மேடானில் வேலைபார்த்தவர். தவணை முடிந்தால் திரும்பலாம் என்ற உறுதியாவது அவர்களுக்கு, போர் வரும்வரை, இருந்தது. இலங்கைக்குச் சென்றவர்க்கு அதுவும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போய்வருவது அடுத்த ஊருக்குப் போய்வருவதுபோல இருந்த காலம் 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தோடு முடிந்தது. அதன்பின் கடைவைத்திருந்தவரும் கடைச் சிப்பந்தியும் தற்காலிக வதிவிட அனுமதி பெற்று, அதைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காலம் தள்ள வேண்டியதாயிற்று. புதுப்பிக்காதபோது திரும்பினார்கள். தோட்டத் தொழிலாளருக்கோ 1964இல் இரு பிரதமர்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று எண்ணிப் பிரித்தார்கள். தாளில்லாமல் கடல் கடந்தவனுக்குக் கள்ளத்தோணி என்று பெயர் வந்தது. பிறகு அது தாள் வைத்திருந்தவனையும் அவனுடைய பேரனையும் ஏசும் சொல்லாயிற்று. நீட்டிப்பு மறுக்கப்பட்டவனைக் குற்றவாளியாக்கும் பழக்கம் நம்மிடமே எவ்வளவு எளிதாக வேர்விடும் என்பதற்கு அச்சொல் ஒன்றே போதும்.

புதுமைப்பித்தன் இதை உணர்ந்திருந்தார். திருநெல்வேலிச் சீமைப் பெண்ணொருத்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச்சேரும் ‘துன்பக்கேணி’யில், அவள் ஏன் போனாள் என்று அவர் நீதி விசாரிக்கவில்லை. அவளைக் கொண்டுபோன ஏற்பாட்டைக் காட்டினார். 1930களில் எழுதப்பட்ட அக்கதையிலிருந்து நாம் முன்னே வந்திருக்கிறோமா, பின்னே போயிருக்கிறோமா?

“அப்படியானால் போகாமலே இருக்கலாமே” என்பார்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. குறியீடு பொருளுக்குக் கிடைத்தது. மரமேறுகிறவருக்கு அதனால் மகனை மரமேற்றும் எண்ணம் வந்ததாகத் தெரியவில்லை. சர்க்கரை கலந்த கருப்பட்டி பாதி விலைக்குக் கடையில் கிடைக்கும்போது அவன் எப்படி இங்கே நிற்பான்? போக வேண்டிய தேவையை ஒழிக்காமல் போனவனை மட்டும் ஏசுவது சுகமான வேலை.

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் ஆஸ்திரேலியக் குலுக்கலைப் பற்றிக் கேட்கிறார்கள். போகாதே என்று நான் சொல்வதில்லை. சட்டத்தைப் படித்துவிட்டுப் போ என்கிறேன். நீட்டிப்புக்குக் கணக்கில் வரும் வேலை எது, எந்த வட்டாரத்தில் என்பதை அரசின் பட்டியலில் பார்த்துக்கொள். முகவர் சொல்லை நம்பாதே. ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்குமேல் இருக்க முடியாது என்பதை நினைவில் வை. சம்பளச் சீட்டுகளை வாரந்தோறும் வாங்கிப் பத்திரப்படுத்து. கடவுச்சீட்டை எவரிடமும் ஒப்படைக்காதே. சம்பளம் குறைத்தால் அந்நாட்டில் முறையிடத் தனி அலுவலகம் இருக்கிறது, கூசாமல் போ. வளைகுடாவுக்குப் போகிறவனிடமும் இதையேதான் சொல்கிறேன். அவனுக்குச் சொல்லும் பட்டியல்தான் கொஞ்சம் நீளம்.