விற்பதும் பேணுவதே

நேசித்த பொருளை விற்பது என்றால் எம்மவர் தயங்குவார்கள். அதிலும் பல வருடங்கள் வீட்டுக்கு உழைத்த பழைய கார் என்றால் சொல்லவே வேண்டாம். "அதை விற்றால் அவரையே மறந்ததாகிவிடும்" என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இந்தக் கருத்துடன் எனக்கு உடன்பாடு இல்லை. ஓடும் நிலையில் இருக்கும்போதே, அதை ஓட்டப்போகும் ஒருவருக்கு, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதுதான் அந்தக் காருக்கும் அதை வைத்திருந்தவருக்கும் நாம் செய்யக்கூடிய மரியாதை.

எங்கள் குடும்பத்தில் இப்போது நடக்கும் பேச்சும் இதுதான். அப்பாவின் மொறிஸ் மைனர் காரை விற்பதா, வைத்திருப்பதா? (எங்கள் வீட்டில் அப்பா என்றால் வாப்பாவின் வாப்பா.) நாங்கள் இருப்பது நயினாதீவில். கார் நிற்பதோ கடலுக்கு அக்கரையில், புங்குடுதீவில் தெரிந்தவர் ஒருவரின் வளவில். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று வரும் கார்கள் குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடும். அதற்கப்பால் படகுதான். அப்பா அந்த இறங்குதுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் வாடகைக்குக் கார் ஓட்டியவர். ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வருபவர்களும், நாகதீப விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர்களும், பெருநாளைக்கு ஊர் வரும் எங்கள் சொந்தக்காரர்களும் அந்த ஒரே காரில்தான் ஏறி இறங்கினார்கள்.

மொறிஸ் மைனர் சாதாரணமான கார் அல்ல. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. எழுபதுகளின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. யாழ்ப்பாணத்தில் அதற்கும் ஒஸ்ரின் கார்களுக்கும் தனி வரலாறு உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் போனபோது, இந்தப் பழைய எஞ்சின்கள்தான் கைகொடுத்தன. சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை இயக்கிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். புகை கக்கிக்கொண்டு நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்தக் கார்கள்.

எங்கள் காரும் அப்படி ஓடியதுதான். ஆனால் அப்போது அது எங்களுடையதல்ல. 2002இல் சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்த பின்னர்தான் அப்பா அதை யாழ்ப்பாணத்தில் ஒரு பெரியவரிடம் வாங்கினார். போர்க்காலம் முழுவதும் அதைக் காப்பாற்றி வைத்திருந்த அந்தப் பெரியவர், வயதாகிவிட்டதால் விற்றார். எந்த கியரில் சத்தம் வரும், மழையில் எந்தப் பக்கத்தால் ஒழுகும் என்று ஒரு பகல் முழுவதும் சொல்லிக்கொடுத்தாராம். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒருவர் மனம் ஒப்பி விற்றதால்தான் அந்தக் கார் எங்களுடையதானது. அவரும் "நினைவு" என்று சொல்லி அதைப் பூட்டி வைத்திருந்தால், அப்பாவின் கார் என்று ஒன்று இருந்திருக்காது.

அப்பா மௌத்தாகி இரண்டு வருடங்கள் ஆகின்றன. கார் பெரும்பாலும் நிற்கிறது. கனடாவில் இருக்கும் சாச்சா விற்க வேண்டாம் என்கிறார். படங்கு வாங்கி மூடி வைக்கவும் கொட்டில் போடவும் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நிற்கும் கார் நின்றபடியே இருப்பதில்லை. பெற்றி இறங்குகிறது. தாங்கியில் கிடக்கும் பெற்றோல் பழுதாகிக் காபரேற்றரை அடைக்கிறது. இறப்பர் குழாய்கள் வெடிக்கின்றன. பிரேக் இறுகுகிறது. இதற்கு மேல் எங்கள் பக்கத்து உப்புக்காற்று. படங்குக்குள் ஈரம் தங்கினால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். மூடி வைத்தால் பாதுகாப்பு என்பது தூரத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றுகிற எண்ணம்.

புங்குடுதீவு வீதியால் போகிறவர்களுக்கு இதற்கு வேறு உதாரணமும் தேவையில்லை. பூட்டிய கேற்றும் இடிந்த கூரையும் சுவரைப் பிளந்த ஆலமரமுமாக எத்தனை வீடுகள்! உரியவர்கள் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் இருக்கிறார்கள். விற்க மனமில்லை, வந்து இருக்கவும் வழியில்லை. அன்பில்லாமல் கைவிட்ட வீடுகள் என்று அவற்றைச் சொல்ல முடியாது. அன்பு இருந்தது, ஆள்தான் இருக்கவில்லை.

விற்பதை இழப்பு என்று சொல்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இழப்பு எப்படியிருக்கும் என்பது எங்கள் சமூகத்துக்கு நன்றாகத் தெரியும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, வீடும் கடையும் வாகனமும் அப்படியே கிடந்தன. எங்கள் உறவினர் ஒருவர் சோனக தெருவில் தன்னுடைய லொறியை விட்டுவிட்டு வந்தவர். அதை யார் எடுத்தார்கள், எங்கே ஓடியது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. விலை பேசி, கைகுலுக்கி, சாவியைக் கையில் கொடுத்து விற்பதை அந்த இழப்போடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று நாமே தீர்மானிக்க முடிவது ஒரு பாக்கியம்.

ஆனால் எப்படியாவது விற்றால் சரி என்று நான் சொல்லவில்லை. மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, குறையை மறைக்கக் கூடாது. துருவின் மேல் வர்ணம் பூசி விற்பது எளிது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். பழைய கார் விற்பவருக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

இரண்டாவது, பதிவு. பெயரை மாற்றாமல், படிவங்களில் கையொப்பம் மட்டும் இட்டுக் கொடுப்பதை "ஓப்பன் பேப்பர்" என்பார்கள். நாளை அந்தக் கார் ஒரு விபத்தில் சிக்கினால், கேள்வி பதிவில் உள்ள பெயருக்குத்தான் வரும். மௌத்தான ஒருவரின் பெயரில் இருந்தால் வாரிசுகள் அனைவரின் சம்மதமும் தேவை. எனவே சாச்சாவைச் சமாதானப்படுத்துவது பாசத்துக்காக மட்டுமல்ல, அது அவருடைய உரிமையும்கூட.

மூன்றாவது, வாங்குபவர் யார் என்பது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கும் வரை, பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. வாகனம் வைத்திருப்பது பொன் வைத்திருப்பதுபோல் ஆனது. எங்களிடமும் இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கொழும்பில் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர். மற்றவர் வேலணையில் சிறிய கராஜ் வைத்திருக்கும் இளைஞர். கொழும்புக்காரர் கூடுதலாகத் தருவார். வாப்பாவின் படகுக்கு எஞ்சின் வாங்க வேண்டியிருப்பதால் அந்த வித்தியாசம் எங்களுக்குச் சிறியதல்ல. இருந்தாலும் எனது தெரிவு வேலணைக்காரர்தான். காரின் அடியில் படுத்துப் பார்த்து, நாங்கள் சொல்லாத இரண்டு பழுதுகளையும் அவரே கண்டுபிடித்தார். தானே ஓட்டுவேன் என்கிறார். அவரிடம் போனால் கார் தீவுப்பகுதி வீதிகளிலேயே ஓடும். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், முழுவதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

அப்படியானால் நினைவு என்ன ஆவது என்று பெற்றோர்கள் கேட்கலாம். நினைவைக் காப்பாற்றும் பொறுப்பை இரும்பிடம் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. அப்பா யாரை ஏற்றினார், யாரிடம் காசு வாங்காமல் விட்டார், 2022இல் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் பெற்றோல் கிடைத்த காலத்தில் எந்த ஓட்டத்துக்கு முதலிடம் கொடுத்தார் என்பதெல்லாம் வாப்பும்மாவுக்குத் தெரியும். அவற்றை நான் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு காரோ, தையல் மெஷினோ, படகோ இருக்கும். அதைப் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

வாப்பும்மாவிடம் விற்பதைப் பற்றிக் கேட்டேன். "அவர் இருந்திருந்தா ஓடாத காரை ஒரு கிழமைகூட வச்சிருக்க மாட்டார் மகள்" என்றார். இதைத்தான் சாச்சாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். மாரி தொடங்குவதற்கு முன் அவர் சம்மதித்தால், கார் இன்னொரு மழைக்காலத்தைப் படங்குக்குள் கழிக்க வேண்டியிருக்காது.