கூலிக்கு எல்லைக்கல் நடலாமா?

உழைப்பவர் வயிற்றுக்கு ஊராட்சி எல்லை தெரியாது. ஆயினும், 2020 பிப்ரவரி முதல் நாள் நடப்புக்கு வந்த மலேசியக் குறைந்தபட்ச ஊதிய ஆணை அத்தகைய எல்லையொன்றை வகுத்தது. மாநகர் மன்றங்களும் நகராண்மைக் கழகங்களும் ஆளும் 56 பகுதிகளில் வேலை செய்வோருக்கு மாதம் 1,200 வெள்ளி. ஏனைய இடங்களில் 1,100 வெள்ளி. ஜொகூரில், குளுவாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் உழைத்தவருக்கு ஒரு கூலி. அதே குளுவாங் மாவட்டத்தில் அடங்கிய சிம்பாங் ரெங்கத்தில், நகராண்மைத் தகுதி பெறாத மன்றத்தின் எல்லைக்குள் உழைத்தவருக்கு அதனினும் குறைந்த கூலி!

நகரத்தில் கூலி உயர்ந்தது தவறன்று. ஜொகூர் பாருவில் வீட்டு வாடகை மிகுதி என்பதை எவரே மறுப்பர்? அவ்வுயர்வைத் தோட்டப்புறத்தின் வாயிற்படியில் தடுத்து நிறுத்தியதே தவறு.

"தோட்டத்தில் வாழ்வோருக்குச் செலவு குறைவு, லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை, கொல்லையில் கீரை விளைகிறது" என்பர் சிலர். கேட்க இனிக்கும் இவ்வாதம், கணக்கிட்டால் கசக்கும். அரிசியும் பள்ளிச் சீருடையும் தோட்டத்துக்கென விலை குறைந்து வருவதில்லை. மருத்துவமனைக்கும் இடைநிலைப் பள்ளிக்கும் வழி நீள்கிறது; வழி நீள நீளச் செலவும் நீள்கிறது. ஆனால், அங்கே வெட்டப்படும் செம்பனைக் குலையின் எண்ணெய்க்கோ உலகச் சந்தை விலை! விளைபொருளுக்கு உலக விலை. விளைவித்தவருக்கு மட்டும் உள்ளூர் விலையா?

ஆங்கிலேயர் ஆட்சியில், 1920களின் இறுதியில், இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு நிலைக்கூலி வகுக்கப்பட்டது. எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பகாங்கின் உட்பகுதிகளில் 58 காசு. தொலைவிடங்களில் வாழ்க்கைச் செலவு கூடுதல் என்பதே காரணம். அந்நிய ஆட்சிக்கே விளங்கிய உண்மை, விடுதலை பெற்ற நாட்டில் தலைகீழாகலாமா?

ஒரே உழைப்புக்கு இரு கூலி என்னும் அநீதியைத் தமிழ்த் தொழிலாளர் என்றுமே வாய்மூடி ஏற்றதில்லை. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்தோர், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டனர். அதே மூச்சில், தம் பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் கேட்டனர். கூலியும் பள்ளியும் வேறு வேறல்ல என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

கூலியை உயர்த்தினால் வேலை பறிபோகும் என்பது மற்றோர் அச்சுறுத்தல். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது; அண்டையிலுள்ள பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரு பக்கத்து விரைவுணவுக் கடைகளையும் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். உயர்த்திய பக்கத்தில் வேலைவாய்ப்புக் குறைந்ததாக அவர்கள் காணவில்லை. பொருளியலுக்கான 2021ஆம் ஆண்டு நோபல் பரிசில் கார்டும் பங்கு பெற்றார்.

2022 மே மாதம், ஐவருக்குக் குறையாத தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களுக்கு நாடெங்கும் 1,500 வெள்ளி என்றாயிற்று. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியாகி, ஆகஸ்டில் சிறு முதலாளிகளையும் தழுவியது. கோடு அழிந்தது, எனினும் இழப்பு அழியவில்லை. இடைப்பட்ட 27 மாதங்களில், அடிப்படைக் கூலி பெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் நகரத்தவரை விடக் குறைவாகப் பெற்றது 2,700 வெள்ளி. ஏழைக் குடும்பமொன்றில் அது ஒரு பிள்ளையின் ஈராண்டுப் பேருந்துக் கட்டணமாகவும் புத்தகமாகவும் இருந்திருக்கும்.

ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. நகரச் செலவு ஏறஏற, இடத்துக்கு ஏற்ற கூலி வேண்டுமென்னும் பேச்சு மீண்டும் எழும். எழட்டும்! நகரம் தன் பங்குக்குக் கூட்டிக் கொடுக்கட்டும். ஆனால், அடித்தளம் ஒன்றாகவே இருக்க வேண்டும். நகரத்தின் ஏற்றம் தோட்டத்தின் தாழ்வாகிவிடக் கூடாது.

தோட்டத்தில் கூலி குறைந்தால் குடும்பம் நகரத்துக்குப் பெயர்கிறது. குடும்பம் பெயர்ந்தால் தமிழ்ப்பள்ளியின் வருகைப் பதிவேடு மெலிகிறது. பள்ளிகள் மெலிவதற்குக் கூலி ஒன்றே காரணமன்று. ஆனால் அதை ஒதுக்கிவிட்டு மொழிப்பற்று மட்டும் பேசுவது வேருக்கு நீர் ஊற்றாமல் இலைக்கு ஊற்றுவதாகும். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் சம்பளச் சீட்டைப் படிக்கவும் கற்பிக்கட்டும். தன் தந்தையின் கூலியைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த மாணவனை எந்த எல்லைக்கல்லும் ஏமாற்ற முடியாது.