திராட்சைக்கு எந்த ஊர்?

போன சனிக்கிழமை யாரா பள்ளத்தாக்குல ஒரு சின்ன இயற்கைத் திராட்சைத் தோட்டம். ஒயினுக்கு ஈஸ்ட் வாங்கிச் சேர்ப்பதில்லையாம். தோலோடு வரும் காட்டு ஈஸ்ட்டே சாற்றைப் புளிக்க வைத்துவிடுமாம். நம்ம இட்லி மாவு மாதிரிதான்!

"இது இந்த ஊர்ப் பழமாப்பா?" என்றாள் மகள். இல்லை. 1788இல் முதல் கப்பல்களோடு சிட்னியில் இறங்கிய கொடி. 1832இல் ஜேம்ஸ் பஸ்பி சேகரித்த நூற்றுக்கணக்கான ஐரோப்பிய வகைகளும் வந்தன. எங்க கம்பம் பன்னீர் திராட்சையும் அதே 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்பார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

பள்ளியில் "நீ நிஜமா எந்த ஊர்?" என்று இவளைக் கேட்கிறார்களாம். ரெண்டு வாரமா முகமே சரியில்லை.

காரில் திரும்பும்போது கேட்டாள்: "அப்போ பன்னீர் திராட்சை எத்தனை வருஷம் கழிச்சு கம்பத்துக்காரங்க ஆச்சு?"

கணக்குப் போட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.